குக்கர் விசிலும் பரலோக ராஜ்யமும்

விடிந்தால் போதும், எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் 'இன்றைய தியானம்' வந்து விழுந்துவிடும். குக்கர் விசில் அடிப்பதில் ஒரு விசுவாசப் பாடம். வண்டி பஞ்சரானதில் ஒரு பாடம். போனில் சார்ஜ் இறங்கினால் ஜெபக்குறைவு, டவர் கிடைக்காவிட்டால் பாவத்தின் திரை. சமீபத்தில் ஒருவர் வெந்தயக் குழம்பை வைத்துச் சோதனைகளின் பயனை விளக்கியிருந்தார். அதற்கும் வரிசையாக ஆமென்.

அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தைத் தேடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் சுவிசேஷத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். புளித்த மா, கடுகு விதை, காணாமல் போன காசு, கிழிந்த வஸ்திரத்துக்குப் போட்ட ஒட்டு என்று ஆண்டவர் பேசியதெல்லாம் வீட்டுச் சாமானும் வயல் வேலையும்தானே. என் சண்டை வேறு. அவர் அந்தப் பொருளை முதலில் நன்றாகப் பார்த்தார். நம் தியானக்காரர்கள் பார்ப்பதில்லை. பாடம் ஏற்கெனவே கையில் தயாராக இருக்கிறது, மாட்டிவைக்க ஒரு ஆணி வேண்டும், அதற்குத்தான் குக்கர்.

மத்தேயு 13-இல் வரும் வலை உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடைகளில் சேர்த்து ஆகாததை எறிந்தார்கள் என்று இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்தார்கள் என்று சொல்லாவிட்டால் உவமைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் போய் நின்றவர்களுக்கு அந்த இடம் கண்ணில் படாமல் போகாது. படகு வந்ததும் பெண்கள் தார்ப்பாயைச் சுற்றிக் குந்திவிடுவார்கள். சங்கரா ஒரு பக்கம், காரப்பொடி ஒரு பக்கம், கோழித் தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் தனிக் குவியல். நண்டுக் கொடுக்குக்குப் பயந்து விரலில் துணி சுற்றியிருப்பார்கள். அந்த வேலையை நின்ற வாக்கில் செய்யமுடியாது, இடுப்பு போய்விடும். கலிலேயாக் கரையில் அதை நின்று பார்த்த ஒருவர் சொன்ன கதை அது. பரலோகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மீன்காரர்கள் குந்தியிருந்தது ஞாபகத்தில் இருந்திருக்காது.

இதைவிட எனக்கு உறைப்பது மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமை.

கட்டட வேலைக்கு ஆள் கூடும் முனை கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. விடிந்தும் விடியாமல் வந்து நிற்பார்கள். கொத்தனார் பையில் கரணை தலை நீட்டிக்கொண்டிருக்கும். சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, கையில் தூக்குச்சட்டியோடு டீக்கடை ஓரமாக நிற்பார்கள். ஒரு மேஸ்திரி வண்டியை நிறுத்தினால் போதும், பத்துப் பேர் சூழ்ந்துவிடுவார்கள். அவர் இறங்கக்கூட மாட்டார். உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "நீ வா, நீ வா, அந்தப் பச்சைச் சட்டை வா." கொஞ்சம் வயதான அம்மா ஒருவர் முன்னால் வந்தால், "ஒனக்கு வேணாம்மா, மூணாவது மாடிக்கு மணல் ஏத்தணும்." அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்துக்கே போய் நின்றுகொள்வார். வெயில் ஏறி, கடைக்காரர் டீ பாய்லரைக் கழுவ ஆரம்பிக்கும்போது மிச்சமிருப்பது யார் என்று பார்த்தால், வயதானவர்கள், கால் தாங்கித் தாங்கி நடப்பவர்கள், ஊருக்குப் புதிதாக வந்து ஆள் தெரியாதவர்கள். அதற்குப்பின் எந்த மேஸ்திரியும் வரப்போவதில்லை.

உவமையில் வருகிற வீட்டெஜமான் அதிகாலையில் போகிறார், மூன்றாம் மணிக்குப் போகிறார், ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி. நம் கணக்கில் அது சாயங்காலம் ஐந்து. ஒரே நாளில் ஐந்து தடவை ஆள் எடுக்கப் போகிற முதலாளியை நான் கடலூர் மாவட்டத்திலேயே பார்த்ததில்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை."

இந்தப் பகுதிக்கு நாம் கேட்டுப் பழகிய பிரசங்கம் என்ன? கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கிடைத்ததுபோல. தப்பில்லை, கிருபையைப் பற்றிய கதைதான். ஆனால் அந்த விளக்கத்தில் ஐந்து மணிக்காரர்கள் எப்படியோ சோம்பேறிகளாகவும் பாவத்தில் பொழுதைப் போக்கியவர்களாகவும் மாறிவிடுகிறார்கள். அவர்கள் காலையிலிருந்து அங்கேதான் நின்றார்கள் ஐயா. யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் வீட்டெஜமான் காலையில் வந்தவர்களுக்கும் ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கும் ஒரே மாதிரி ஒரு பணம் கொடுக்கிறார். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி, ஒரு வீட்டில் அன்றைக்கு உலை வைப்பதற்கான காசு. வேலை ஒரு மணி நேரம்தான் கிடைத்தது என்பதற்காகப் பிள்ளைகளின் பசியும் குறைந்துவிடுமா? அந்த முனையில் சாயங்காலம் வரை நின்ற அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னால், முழுக் கூலி கொடுத்த இடம் வந்ததும் அவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. விளக்கவுரை தேவைப்படுவது நமக்குத்தான், வீடு கட்டுகிற நமக்கு, மேஸ்திரியிடம் கூலியைக் குறைக்கச் சொல்லி நிற்கிற நமக்கு.

என் அளவுகோல் இதுதான். அன்றாட விஷயத்திலிருந்து எடுத்த பாடம், எடுத்தவரையே கொஞ்சம் குத்த வேண்டும். எழுதியவரைத் தட்டிக்கொடுத்து முடிகிற தியானத்தை நான் நம்புவதில்லை.

அடுத்தது, சொல்லத் தயங்குகிற விஷயம். மற்றவர்களின் துக்கத்திலிருந்து பாடம் எடுப்பது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த நாள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று நம் கரையோரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதற்கு அடுத்த ஞாயிறுகளில் சில மேடைகளில் கேட்ட பிரசங்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. நியாயத்தீர்ப்பாம். அடையாளமாம். இதைச் சொன்னவர்களின் வீடு கடலிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று அவரே பதிலும் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைக் காட்டி ஒரு பாடமும் எடுக்கவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

இதன் நாகரிகமான வடிவம்தான் சாட்சி நேரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மழை. ரெண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்து ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. அதற்குப்பின் ஆராதனையில் ஒரு சகோதரர் எழுந்து, தண்ணீர் எங்கள் வாசல்படி வரை வந்து நின்றுவிட்டது, கர்த்தர் காத்தார் என்று சாட்சி சொன்னார். சந்தோஷம். ஆனால் அவர் வீடு கட்டும்போது நாலடி மண் கொட்டி மனையை உயர்த்தியது தெருவுக்கே தெரியும். அவர் மனை உயர்ந்ததால் எதிர்ச்சாரியில் தண்ணீர் கூடுதலாக நின்றதும் தெரியும். அந்த எதிர்ச்சாரிக் குடும்பம் ரெண்டு பெஞ்சு தள்ளி அதே ஆராதனையில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் என்ன சாட்சி சொல்வது? எங்களைக் காக்கவில்லை என்றா?

நன்றி சொல்லக்கூடாது என்கிறேனா? சொல்லுங்கள். வீட்டில், முழங்காலில் நின்று சொல்லுங்கள். மத்தேயு 5-இல் நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது என்று இருப்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அந்த வசனம் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்பதோடு சேர்ந்து வருவது. மழைக்கு ஆள் பார்க்கத் தெரியாது, நீங்களும் ஆள் பார்க்காமல் இருங்கள் என்பதற்காக வந்த மழை அது. நம்மவர்கள் அதே மழையை வைத்து யார் வேண்டப்பட்டவர், யார் வேண்டப்படாதவர் என்று பிரிக்கிறார்கள்.

2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோதும் இந்தப் பேச்சு கேட்டது. தாத்தா வைத்த மரம் போய், மறுபடி கன்று வைத்துக் காத்திருக்கிற விவசாயிக்கு வேர் ஆழமாக ஓடவில்லை என்ற பிரசங்கம் எதற்கு? பலா ஆழமாகத்தான் வேர் விடும். அந்தக் காற்று அப்படி.

சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலம் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. பலாப்பழம், வாழைத்தார், கால் கட்டிய சேவல், யார் வீட்டிலோ செய்த கேக். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுக்கும்போதே மச்சானும் மாமனும் போட்டி போட்டு ஒற்றை முட்டையை ஆயிரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். ஆனால் இடையில் ஒரு வயதான அம்மா கொண்டுவந்த முருங்கைக்கீரைக் கட்டு வரும். உடனே மைக்கைப் பிடித்தவருக்கு மாற்கு 12 ஞாபகம் வந்துவிடும். ஏழை விதவையின் இரண்டு காசு, பாருங்கள் சபையாரே, இல்லாமையிலும் கொடுத்தார்கள், நீங்களும் கொடுங்கள்.

கதை 41-ஆம் வசனத்தில் ஆரம்பிக்கவில்லை. அதற்கு முந்திய வசனத்தில், நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை, அதாவது வேதம் போதிப்பவர்களை, ஆண்டவர் திட்டிவிட்டு, அந்த மூச்சோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்து பார்க்கிறார். அவள் தன் ஜீவனத்துக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டாள் என்கிறார். அப்படியானால் அன்றைக்கு ராத்திரி அவள் எதைச் சாப்பிட்டாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. கீரைக் கட்டு கொண்டுவந்த அம்மாவின் வீட்டுக் கூரை மழைக்குத் தாங்குமா, முதியோர் பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கக் கமிட்டியில் ஒரு ஆள் இருக்கிறாரா?

இந்த வருஷப் பண்டிகைக்கு மைக்கைப் பிடிக்கப்போகும் அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். 40-ஆம் வசனத்திலிருந்து வாசிப்பதாக இருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். 41-லிருந்து ஆரம்பித்தால் நான் எழுந்துபோய் ஐக்கிய விருந்து அண்டா பக்கம் நின்றுகொள்வேன், அப்பளமாவது பொரிக்கலாம்.