ஜேட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை

பொங்கலுக்குக் காரைக்குடி வந்திருக்கும் அண்ணன் மகள் மூன்று நாளாக என்னோடு ஒரே வாக்குவாதம். அவளுக்கு உயிரான கொரியப் பெண்கள் குழு ஃபிஃப்டி ஃபிஃப்டி. 2023-இல் நான்கு பேரில் மூன்று பேர் போய்விட, ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். 2024-இல் புதிதாக நான்கு பேரைச் சேர்த்து ஐந்து பேராகப் பாட ஆரம்பித்தார்கள். "பேரு மட்டும்தான் அத்தை அதே. நான் கேக்க மாட்டேன்" என்கிறாள். பதினாறு வயது, வேறு எப்படிப் பேசுவாள்? கேட்டுவிட்டுத் திட்டு என்றேன். அதற்கும் கோபம்.

சிரிப்பு வந்தாலும் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. இதே கோபத்தை நான் பல வருஷம் சுமந்திருக்கிறேன், ஷுகாபேப்ஸ் என்ற லண்டன் குழுவுக்காக, அதில் கடைசியாக வந்து சேர்ந்த ஜேட் மேல்.

1998-இல் ஷிவோன், மியூட்யா, கீஷா என்று மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் ஆரம்பித்த குழு அது. 2001-இல் ஷிவோன் போனார், ஹைடி வந்தார். 2005-இல் வந்த நாலாவது ஆல்பம் 'டாலர் இன் மோர் வேஸ்' (காசு டாலர் இல்லை, உயரம்) பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த சிடியை லண்டனிலிருந்து வந்த அத்தை மகன் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்), மேலே கோழி வலை போட்ட வெளிச்சத்தில், அதைத் தேய்த்து எடுத்திருக்கிறேன். மியூட்யாவின் குரல் அடித்தொண்டையிலிருந்து, கொஞ்சம் சலிப்போடு வரும். அந்தச் சலிப்புக்காகத்தான் கேட்பேன்.

கல்லூரி நாட்களில் சிடி கீறிப்போனது. கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து அதே ஆல்பத்தை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். 'ரெட் டிரெஸ்' பாட்டு வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. மியூட்யா பாட வேண்டிய இடத்தில் வேறு யாரோ பாடுகிறாள்! ஃபைல் கோளாறு என்று அந்தக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். பாவம், அவருக்கு மியூட்யாவைத் தெரியுமா, யாரைத் தெரியும்?

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. ஆல்பம் வெளிவந்து இரண்டே மாதத்தில், 2005 டிசம்பரில், மியூட்யா விலகிவிட்டார். அந்த இடத்துக்கு அமெல் வந்தார். மூன்று பாட்டுகளை அமெலை வைத்துத் திரும்பப் பாடி, புதிதாக ஒரு பாட்டும் சேர்த்து, 2006 தொடக்கத்தில் அதே ஆல்பத்தை மறுபடி விட்டார்கள். என்னிடம் வந்தது அது. ஆக, ஒரே ஆல்பத்துக்குள் சில பாட்டில் மியூட்யா, சில பாட்டில் அமெல்.

எங்கள் வீட்டு முகப்பில் அப்படி ஒரு இடம் உண்டு. ஒரு விசேஷத்தன்று கேஸ் சிலிண்டரை இறக்கியவர் கைநழுவவிட்டு, ஐயா காலத்து ஆத்தங்குடி டைல்ஸில் நாலு உடைந்தது. ஆத்தங்குடிக்கே போய் அதே பூவைக் காட்டிச் செய்யச் சொன்னோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார் ஒருவர். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி இறுகுவதுதான். கை கொஞ்சம் நடுங்கினாலும் பூவின் இதழ் கொஞ்சம் ஓடிவிடும். அந்த நாலு கல்லும் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. சிவப்பு ஒரு பிடி கூடுதல். வந்தவர்கள் எல்லோரும் "இது மாத்துனதா?" என்று கேட்காமல் போவதில்லை. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. அமெல் பாடும் 'ரெட் டிரெஸ்' மாதிரி.

புது அடுப்படியில் போட்டிருப்பது கம்பெனி டைல்ஸ். அதிலும் ஒன்று உடைந்து மாற்றினோம். எந்தக் கல் என்று நானே தேடினாலும் கிடைக்காது.

இப்போது 'ஸ்வீட் 7' கதைக்கு வருகிறேன், என் கோபத்தின் மூலகாரணம் அது. ஏழாவது ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில், 2009 செப்டம்பரில், மிஞ்சியிருந்த ஒரே பழைய ஆளான கீஷாவும் வெளியே போனார். தானாக எடுத்த முடிவு இல்லை என்று அவரே சொன்னார். அதே வருஷம் யூரோவிஷன் போட்டியில் பிரிட்டனுக்காகப் பாடி ஐந்தாம் இடம் வாங்கிய ஜேட் உள்ளே வந்தார். கீஷா பாடியிருந்த இடங்களில் ஜேட் குரலைப் பதித்து 2010 மார்ச்சில் ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஆரம்பித்த மூன்று பேரில் ஒருவர்கூட இல்லாத ஷுகாபேப்ஸ்.

என் கோபமெல்லாம் ஜேட் மேல்தான் இருந்தது. வந்தவள் மேல்தானே கோபப்பட வருகிறது. இந்த வாரம் அண்ணன் மகளோடு மல்லுக்கட்டுவதற்காகவே அந்த ஆல்பத்தை மறுபடி முழுதாகக் கேட்டேன். ஜேட் நன்றாகத்தான் பாடுகிறார். பிரச்சினை பாட்டில்! அமெரிக்கத் தயாரிப்பாளர்களிடம் போய், அந்தக் காலத்தில் எங்கே திரும்பினாலும் ஒலித்த அதே டான்ஸ் தாளத்தில், மூன்று குரலையும் மெஷினில் போட்டு வழுவழுவென்று தேய்த்துவிட்டிருக்கிறார்கள். யார் எங்கே பாடுகிறார் என்று பிடிபடவில்லை. அதனால்தான் கீஷாவை எடுத்துவிட்டு ஜேட்டை வைக்க முடிந்தது. கீஷா போவதற்கு முன்பே அந்தப் பாட்டுகளில் யாருக்கும் இடமில்லாமல் செய்துவிட்டார்கள் என்பது என் கட்சி. அடுப்படி டைல்ஸ்.

இதில் எனக்கு ஒரு குடும்பக் குற்றவுணர்ச்சியும் உண்டு. எங்கள் ஐயாவே இந்த வீட்டுக்குப் பிள்ளைகூட்டி, அதாவது தத்தாக, வந்தவர். வந்த நாளிலிருந்து இந்த வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்துகள், அவருக்கு ஏறிவிட்டது. யாரோ ஒரு விசேஷ வீட்டில் "கூட்டியாந்த பிள்ளைதானே" என்று இழுத்தபோது அப்பத்தா விடவில்லையாம்: "கூப்பிட்டாக, வந்தாக. கூப்பிட்டவுகளைப் போய்க் கேளுங்க." இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான் ஜேட்டை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.

(பழைய மூன்று பேரும் 2012-இல் மறுபடி சேர்ந்தார்கள், ஆனால் ஷுகாபேப்ஸ் என்ற பெயரில் பாட முடியாமல் மூன்று பேரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டார்கள். 2019-இல்தான் பெயர் கைக்கு வந்தது. விலாசத்துக்காக நடக்கும் சண்டை நம் ஊரோடு முடிந்துவிடுவதில்லை போல.)

நேற்று ராத்திரி முகப்பில் உட்கார்ந்து, ஃபிஃப்டி ஃபிஃப்டியின் புதுப் பாட்டு ஒன்றை அவளோடு கேட்டேன். கண்ணை மூடிக்கொள், பழையவள் எந்த இடத்தில் பாடுகிறாள், புதியவர்கள் எந்த இடத்தில் என்று சொல், சரியாகச் சொல்லிவிட்டால் இந்தக் குழுவுக்கு நான் கியாரண்டி என்றேன். முறைத்துக்கொண்டே இயர்போனில் ஒரு பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். முதல் தடவை சொல்லவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். நாலு தடவை போட்டோம். விடிந்தால் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியவள், பதினொரு மணிக்கும் தூங்கப் போகவில்லை.