மூன்றாம் முறையும் அதே ஓட்டை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கணினியின் சில்லில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான (ஃபர்ம்வேர்) பயாஸின் அமைப்புகளை மாற்றுவதற்கென்றே ‘ஃபர்ம்வேர் அட்ரிபியூட்ஸ்’ என்ற பொது இடைமுகம், 5.11 பதிப்பில், அதாவது 2021 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் இப்போதைய மதிப்புக்கு ஒரு கோப்பு, ஏற்கத்தக்க மதிப்புகளுக்கு இன்னொன்று என எல்லாம் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. இருந்தும் என் பரிசீலனைக்கு வரும் டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் கெர்னல் நிரல்கள்) பல, தமக்கென ஒரு தனி ஐஆக்டில் (ioctl, பயனர் நிரல் டிரைவருக்கு நேரே கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியை வெட்டிக்கொண்டுதான் வந்து நிற்கின்றன. பயனர் நிரல்கள் ஒருமுறை பழகிவிட்ட இடைமுகத்தைப் பிறகு எளிதில் பிடுங்கி எறிய முடியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது (தட்டச்சு செய்வதால் உண்மையில் விரல்தான்).

அதைவிடக் கொடுமை, ஃபர்ம்வேர் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கம். டபிள்யூஎம்ஐ (WMI, டிரைவர் ஃபர்ம்வேரோடு பேசும் வழி) அழைப்பு திருப்பித் தரும் பொருள் உண்மையிலேயே பஃபர்தானா, அதாவது பைட்டுகளின் தொகுப்புதானா, அதன் நீளம் போதுமா, அல்லது எதுவுமே வரவில்லையா என்று பார்க்காமல் நேரே உள்ளே கைவிட்டால், எங்கோ ஒருவரிடம் இருக்கும் பழைய பயாஸ் ஒன்றே கெர்னலைக் கவிழ்க்கப் போதும். கடந்த வாரம் ஒரு டிரைவரில் இதையே மூன்றாம் முறையாகச் சுட்டிக்காட்டியதற்கு, ‘எங்கள் ஆய்வகத்தில் ஓடுகிறதே’ என்று அதை எழுதியவர்களிடமிருந்து பதில் வந்தது. அந்த டிரைவரின் நான்காம் பதிப்பில் நீளச் சோதனையைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் தரவைப் படித்து முடித்த பிறகு.