லேசர் தேய்ந்துபோனால் பிஎஸ்2-வின் ஆயுளும் முடிந்துவிட வேண்டுமா?

பழைய பிளேஸ்டேஷன் 2-இல் (பிஎஸ்2) ஹோம்ப்ரூ, அதாவது சோனியின் அனுமதிக்குக் காத்திராமல் ஆர்வலர்களே எழுதிய மென்பொருள், போட்டு விளையாடுகிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "திருட்டு கேமா?" என்பதாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் பிஎஸ்2 வாங்கியவர்களில் பலர் கடையிலேயே பூட்டைத் தாண்டும் சிப் போட்டு, நகல் டிஸ்க் வாங்கி விளையாடியவர்கள் என்பதால், அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும், காசு கொடுத்து வாங்கிய கேமை, காசு கொடுத்து வாங்கிய கன்சோலிலேயே தொடர்ந்து விளையாட இன்று மிஞ்சியிருக்கும் உருப்படியான வழி ஹோம்ப்ரூதான் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை.

பிஎஸ்2 ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று விற்பனைக்கு வந்தது. உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்ற அதன் உற்பத்தி 2013-இன் தொடக்கத்தில் நின்றுபோனது. இவ்வளவு வயதான கன்சோலில் முதலில் பழுதாவது மதர்போர்டோ சிப்களோ அல்ல, லேசர்தான். டிஸ்க்கைப் போட்டதும் லென்ஸ் மேலும் கீழும் ஏறி இறங்கித் தேடுவதும், மோட்டார் சுற்றி நின்று மறுபடி சுற்றுவதும், கடைசியில் சிவப்புத் திரை வந்து நிற்பதும் பிஎஸ்2 வைத்திருக்கும் எவருக்கும் பழக்கமான காட்சி. மாற்று லேசர் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் புதிது என்று விற்கப்படுவதில் தரமற்றதும், வேறு கன்சோலிலிருந்து கழற்றியதும் கலந்திருக்கின்றன. மற்ற எல்லாப் பாகங்களும் நன்றாக இயங்கும்போது, தேய்ந்துபோன ஒரு சிறு உதிரிப்பாகத்துக்காகக் கன்சோலையே பழைய சாமான்காரரிடம் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

இங்கேதான், மெமரி கார்டிலிருந்தே ஹோம்ப்ரூவைத் தொடங்கிவைக்கும் ஃப்ரீ எம்சிபூட் என்ற மென்பொருள் வருகிறது. பிஎஸ்2 இயங்கத் தொடங்கும்போது, மெமரி கார்டில் சிஸ்டம் அப்டேட் கோப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கும்படி சோனியே வடிவமைத்திருந்தது. 2008-இல் வெளியான ஃப்ரீ எம்சிபூட் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கன்சோலைத் திறக்க வேண்டாம், சால்டரிங் வேண்டாம், உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். கார்டை உருவிவிட்டால் கன்சோல் பழையபடி இயங்கும். அந்தக் கோப்பு ஒவ்வொரு கார்டோடும் தனித்தனியாகப் பிணைக்கப்படுவதால், ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குச் சும்மா நகலெடுத்தால் வேலை செய்யாது. இன்ஸ்டாலரைப் பிஎஸ்2-விலேயே ஓட்ட வேண்டும். கடைசியாக வந்த ஸ்லிம் மாடல்களில் சோனி இந்த வாசலை அடைத்துவிட்டது. அவற்றை வைத்திருப்பவர்கள், மெமரி கார்டு பிரவுசரைத் திறக்கும்போது இயங்கும் ஓப்பன்டூனாவை நாடலாம்.

இப்படித் திறந்த வாசல் வழியாக, டிஸ்க் இல்லாமலே கேமை ஓட்டும் ஹோம்ப்ரூதான் ஓப்பன் பிஎஸ்2 லோடர், சுருக்கமாக ஓபிஎல். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் அதை எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. பிஎஸ்2-வில் முதன்மைச் செயலியான எமோஷன் எஞ்சின் நேரடியாக டிஸ்க்கைத் தொடுவதில்லை; ஐஓபி என்ற இன்னொரு செயலியிடம்தான் கேட்கிறது. தொடக்க கால மாடல்களில் அந்த ஐஓபி, முதல் பிளேஸ்டேஷனின் செயலியேதான். அதில் இயங்கும் ஒரு மாட்யூல், அதாவது ஒரு சிறு நிரல்தான் டிஸ்க்கின் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்ற கேள்வியை வாங்கி, தரவைத் திருப்பித் தருகிறது. ஓபிஎல் அந்த மாட்யூலுக்குப் பதிலாகத் தன்னுடையதை வைத்துவிடுகிறது. கேம் வழக்கம்போலக் கேட்கிறது. பதில் பென் டிரைவிலிருந்தோ, ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ, நெட்வொர்க்கிலிருந்தோ வருகிறது. வெறும் 32 எம்பி நினைவகமுள்ள கன்சோலில், ஓடிக்கொண்டிருக்கும் கேமின் காலில் இடறாமல் இதைச் செய்ய வேண்டும். சில கேம்கள் நேரக் கணக்கில் பிசகினாலே நின்றுவிடும் என்பதால்தான் ஓபிஎல்லில் மோட் 1, மோட் 2 என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கேமுக்கும் எது பொருந்தும் என்று பல ஆண்டுகளாக உட்கார்ந்து சோதித்துப் பட்டியலிட்டவர்கள், கூலி எதுவும் வாங்காத ஆர்வலர்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிஎஸ்2-வின் யுஎஸ்பி 1.1 வகை, விநாடிக்கு 1.5 எம்பி என்பதே அதன் ஏட்டளவு உச்சம். 4x டிவிடி டிரைவோ விநாடிக்கு 5 எம்பிக்கு மேல் தரக்கூடியது. எனவே பென் டிரைவில் போட்டால் இடையிடையே வரும் வீடியோக் காட்சிகள் திக்கித் திக்கி ஓடும். அதற்கு ஓபிஎல்லைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பென் டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பு (முழு டிஸ்க்கின் நகலாக அமைந்த ஒற்றைக் கோப்பு) துண்டு துண்டாகப் பதிவாகியிருந்தாலும் சிக்கல்தான். ஃபேட் எனப்படும் பழைய தடித்த மாடல் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் அடாப்டர் வழியாக ஹார்ட் டிஸ்க் இணைப்பதே நல்லது. ஸ்லிம்மில் நெட்வொர்க் போர்ட் உள்ளேயே இருக்கிறது. ஆனால் கணினியில் வைத்த கேமை அதன் வழியாகப் படிக்க ஓபிஎல் கேட்பது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில் ஒரு கேமுக்காக அதைத் திறந்துவைக்காதீர்கள். ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி போன்ற தனிக் கருவி ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள்.

கணினியிலேயே பிஎஸ்2-வைப் போல இயங்கிக் காட்டும் எமுலேட்டர் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பார்கள். அந்த வகையில் பிசிஎஸ்எக்ஸ்2 அருமையான மென்பொருள்தான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கன்சோலை ஓடவைப்பதற்கு இன்னொரு கணினி வாங்கு என்பது பதிலாகாது.

இனி சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தவும், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகப் பேக்கப் எடுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கியது என்றாலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதையே அது குறிப்பிடுகிறது. தன் டிஸ்க்கைத் தன் கன்சோலில் ஓட்டுபவரை இந்தச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்பதே என் வாசிப்பு. அமெரிக்காவில்கூட, கன்சோலின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்ப்பதற்காக மட்டும் பூட்டைத் தாண்டலாம் என்று 2021-இல் விலக்கு அளித்தார்கள். போதாத விலக்குதான், இருந்தாலும் டிரைவ் செத்துப்போவது உண்மையான பிரச்சினை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

அதனால்தான், நூற்றுக்கணக்கான கேம்களை ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கை விலைக்கு விற்பவர்கள் மீது எனக்கு அவ்வளவு கோபம். ஆர்வலர்கள் இலவசமாகக் கொடுத்த உழைப்பையும் பிறர் உருவாக்கிய கேம்களையும் ஒன்றாகக் கட்டி விற்றுக் காசு பார்க்கிறார்கள். கெட்ட பெயர் வருவது ஹோம்ப்ரூவுக்கு. தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள். உங்கள் டிஸ்க்கை நீங்களே நகலெடுப்பது கடினமல்ல. கணினியின் சாதாரண டிவிடி டிரைவே பிஎஸ்2 டிஸ்க்கைப் படிக்கும். அடிப்பக்கம் நீலமாக இருந்தால் அது சிடி. அதன் நகலை ஐஎஸ்ஓவாக மாற்றிச் சிடி ஃபோல்டரில் போட வேண்டும். வெள்ளியாக இருப்பது டிவிடி ஃபோல்டருக்குப் போகும்.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று காட்டியது. நம் நாட்டுக் கதையும் வேறல்ல. ஹைதராபாத்தில் உருவாகி 2009-இல் பிஎஸ்2-வுக்கு வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' இன்று எந்த இணையக் கடையிலும் என் கண்ணில் படவில்லை, அந்த டிஸ்க் யாருடைய அலமாரியில் இருக்கிறதோ அங்கேதான் அந்த கேமும் இருக்கிறது. அதைப் போன்ற இந்திய டிஸ்க் எதையேனும் நீங்கள் வைத்திருந்தால், கீறல் கூடுவதற்குள் இந்த வாரமே நகலெடுத்து, டிஸ்க் நகல்களின் விவரங்களை ஆர்வலர்கள் தொகுத்துவரும் ரீடம்ப் என்ற இணையப் பட்டியலில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். பதிவாகவில்லை என்றால் டிஸ்க்கில் அச்சிட்ட எண்ணோடு கீழே எழுதுங்கள், பதிவு செய்யும் முறையை நான் சொல்லித் தருகிறேன்.