எந்த ஆங்கிலம் பழகுவது?

ஆங்கிலம் பழகுவது பற்றிய ஒரு கட்டுரையில் ‘பிரித்தானிய உச்சரிப்பை மட்டும் பழகுங்கள்’ என்று இருக்கிறது. பேச அது போதும், கேட்கப் போதாது. ஐஈஎல்ரிஎஸ் (IELTS) என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வின் செவிமடுத்தல் பகுதியில் 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். அதில் அவுஸ்திரேலியர், நியூசிலாந்தர், வட அமெரிக்கர் குரலும் வரும். அமெரிக்கர் வாயில் ‘வாட்டர்’ கிட்டத்தட்ட ‘வாடர்’, அவுஸ்திரேலியரின் ‘டுடே’ நம் காதுக்கு ‘டுடை’. கல்முனை, மட்டக்களப்பு டியூசன் வகுப்புகளில் இலக்கணத்துக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியைக் காதுக்குக் கொடுத்தாலே நல்லது.

நம்மவர் அதிகம் தடுக்குவது எண்களில். ‘ஃபிஃப்டீன்’ என்றால் அழுத்தம் பெரும்பாலும் பின்னால், ‘ஃபிஃப்டி’ என்றால் முன்னால். தமிழ்ப் பழக்கத்தில் எல்லாச் சொல்லையும் முதல் அசையில் அழுத்துகிறோம். ‘ஹோட்டெல்’லுக்கும் ‘பொலீஸ்’சுக்கும் அழுத்தம் இரண்டாம் அசையில். அடுத்தது ‘வீ’, ‘டபிள்யூ’ என்ற இரண்டு ‘வ’. பெனியனைக் குறிக்கும் ‘வெஸ்ட்’டுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மேற்கு என்ற ‘வெஸ்ட்’டுக்கு உதடு குவியும், பல் படாது. கண்ணாடி முன் நின்றால் உடனே தெரியும்.

ஐஈஎல்ரிஎஸ்ஸில் எழுத்துக்கூட்டல் பிரித்தானியமோ அமெரிக்கமோ, இரண்டும் செல்லும். ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள். ஆனால் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகள் பாடநூலில் உள்ள பிரித்தானிய முறையிலேயே நிற்பது பாதுகாப்பு.