எண்ணியவர் சகுனி இல்லை

நேற்று நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அந்தச் சேனலுக்கு என்னால் இன்னும் நாலு பார்வை கிடைக்க வேண்டாம். பிளாக்ஜாக் என்ற கேசினோ சீட்டாட்டத்தின் வரலாறு என்று இருபது நிமிட வீடியோ. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டு இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டும், அதுதான் ஆட்டம். அதில் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியருக்கு அவர்கள் வைத்த பெயர் 'நவீன சகுனி'. கேசினோக்களைக் கொள்ளையடித்தவர், ஏமாற்றுக்காரர் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். நான் மரியாதையாகத்தான் கீழே எழுதினேன். "தம்பி, சீட்டை மனதுக்குள் எண்ணுவது ஏமாற்று இல்லை, அமெரிக்காவில் அது குற்றமும் இல்லை. நான் பதினோரு வருஷமாக டீலராக இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்" என்றேன். வந்த பதில்: "கிளப்பில் சீட்டுப் போடுகிறவர்களிடம் வரலாறு கேட்கும் நிலைமை எங்களுக்கு இன்னும் வரவில்லை அக்கா." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சகுனியிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவன் செய்தது என்ன? தான் சொன்னபடி விழும் பகடையைத் தானே சபைக்குக் கொண்டுவந்தான். குற்றம் அங்கே இருக்கிறது. தோர்ப் எதைக் கொண்டுபோனார்? வெறுங்கையோடு போனார். சீட்டு கேசினோவுடையது. கலைத்துப் போடுகிறவர் கேசினோ ஆள். மேசை, விதி, தலைக்கு மேலே கண்காணிப்பு, வாசலில் காவலாளி எல்லாமே கேசினோவுடையவை. மேசைமேல் எல்லார் கண்ணுக்கும் முன்னால் திறந்து விழுந்த சீட்டுகளை அவர் மறக்காமல் இருந்தார், அவ்வளவுதான். பகடை யாருடையது என்று கேட்டால் போதும், யார் சகுனி என்று தெரிந்துவிடும்.

அந்த வீடியோ இந்த ஆட்டம் அமெரிக்கக் கேசினோவில் பிறந்தது போலத் தொடங்குகிறது. அதுவே தப்பு. ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இரண்டு பையன்கள் வருவார்கள், ஊர் ஊராகத் திரியும் சில்லறைத் திருடர்கள். அதில் ஒருவன் ஆடுவது 'வெயின்தியூனா', அதாவது இருபத்தொன்று. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று என்ற இன்றைய கணக்கு அப்போதே அதில் இருக்கிறது. கட்டைப் பிரித்தால் அடியில் ஏஸ் நிற்கும்படி வெட்டத் தெரியும் என்று அந்தப் பையன் பெருமை பேசுவான்.

"பார்த்தீர்களா, பிறந்ததே பித்தலாட்டத்தில்தான்" என்று யாராவது இங்கே வருவீர்கள், தெரியும். வாருங்கள். அந்தப் பையன் செய்தது விரல் வேலை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தை அவன் மாற்றினான். எண்ணுகிறவர் ஒரு சீட்டின் இடத்தைக்கூட மாற்றுவதில்லை. எங்கள் மேசையில் தொடவும் விடமாட்டோம், சைகைதான். சீட்டு வேண்டுமென்றால் துணியைத் தட்ட வேண்டும், வேண்டாமென்றால் கையை வீசிக் காட்ட வேண்டும். விரல் வேலைக்கும் மூளை வேலைக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்பெயினிலிருந்து பிரான்ஸ், பிரான்ஸிலிருந்து இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஆட்டம் பரவியதாகச் சொல்வார்கள். பிரெஞ்சில் பெயர் 'வேன்த்-எ-அன்', அதுவும் இருபத்தொன்றுதான். வீட்டுக் கூடங்களில் ஆடிய அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் இரண்டு சீட்டிலேயே ஒருவருக்கு இருபத்தொன்று விழுந்தால், சீட்டுப் போடும் இடம் அவருக்கு மாறும். ஆட்டத்தில் லாபமான இடம் அதுதான், ஏனென்றால் எதிராளி முதலில் இருபத்தொன்றைத் தாண்டித் தோற்றுவிட்டால், பிறகு டீலரும் தாண்டினாலும் டீலருக்குத்தான் காசு. அந்த நாற்காலி சுற்றிச் சுற்றி வந்தது, இன்று நீ, நாளை நான். கேசினோ வந்தபோது அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. இருபது நிமிட வீடியோவில் இதற்கு ஒரு நொடிகூட இல்லை.

பெயர்க்கதைக்கு மட்டும் மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்பேடு ஏஸும் கறுப்பு ஜாக்கியும் சேர்ந்து வந்தால் பத்து மடங்கு கொடுத்தார்களாம், அதனால் பிளாக்ஜாக்காம். எல்லோரும் சொல்லும் கதை, எனக்கு டீலர் பயிற்சியிலும் சொன்னார்கள். தியரி தெபோலிஸ் என்ற பிரெஞ்சுச் சீட்டு ஆய்வாளர் இதைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படிப் பரிசு கொடுத்ததற்குச் சான்றே இல்லை என்று எழுதினார். 1896க்குப் பிறகு கனடாவின் குளோண்டைக் பக்கம் தங்கம் தேடிப் போனவர்களிடமிருந்து பெயர் வந்தது என்பது அவர் முடிவு. சுரங்கக்காரர்கள் ஒரு துத்தநாகத் தாதுவை 'பிளாக் ஜாக்' என்பார்கள். அந்தக் கறுப்புக் கல் தெரிந்தால் பக்கத்தில் தங்கமோ வெள்ளியோ இருக்கலாம் என்று நம்பிக்கை. சீட்டில் நல்ல கை விழுந்தாலும் அதே பெயரைச் சொன்னார்கள். இதையும்தான் எழுதினேன், அதற்கும் சிரித்தார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதற்குப் பின் டீலருக்கு ஒரே விதி பரவலானது. பதினாறு வரை எடுத்தே ஆக வேண்டும், பதினேழில் நிற்க வேண்டும். என் கையில் பதினாறு இருக்கும்போது அடுத்த சீட்டு என்னைக் கவிழ்த்துவிடும் என்று தோன்றினாலும் எடுக்கத்தான் வேண்டும். எனக்கு அங்கே சொந்த முடிவு கிடையாது. டீலர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்த ஆட்டம் என்பதால்தான் அதைக் கணக்குப் போட முடிந்தது. மேரிலாந்தில் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த நால்வர், பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மாட், மேசைக் கணக்குப் பொறியில் தட்டித் தட்டி, எந்தக் கைக்கு என்ன செய்வது என்று 1956இல் புள்ளியியல் இதழில் கட்டுரையே போட்டார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தோர்ப் அதைப் படித்தார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் 704 கணினியை வைத்து ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தார்: போன சீட்டு திரும்ப வராது என்றால் மிச்சக் கட்டின் குணம் மாறுமா? மாறும். சின்னச் சீட்டுகள், முக்கியமாக ஐந்துகள், போய்விட்டால் மிச்சத்தில் பத்தும் ஏஸும் அதிகம். பதினாறில் கட்டாயமாக எடுக்கும் டீலர் அடிக்கடி கவிழ்வார், ஆட்டக்காரருக்கு இரண்டே சீட்டில் இருபத்தொன்று விழும் வாய்ப்பும் கூடும். அப்போது பந்தயத்தைக் கூட்டு, மற்ற நேரம் குறை. அவ்வளவுதான் 'கொள்ளை'. 1961இல் கணிதச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேசினார், 1962இல் புத்தகமாகவே போட்டார். கண்டுபிடித்ததை ஊரைக் கூட்டிச் சொல்கிறவரையா சகுனி என்பீர்கள்?

அதற்குக் கேசினோக்கள் என்ன செய்தன? 1964இல் லாஸ் வேகாஸில் விதியை மாற்றினார்கள். ஏஸ் ஜோடியை இரண்டு தனிக் கையாகப் பிரித்து ஆடக் கூடாது, பதினொன்றுக்கு மட்டும்தான் பந்தயத்தை இரட்டிக்கலாம். ஆட்டக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள், சில வாரங்களில் பழைய விதியே திரும்பி வந்தது. அப்புறம் ஒரு கட்டுக்குப் பதில் நாலு, ஆறு, எட்டுக் கட்டு. நான் போடும் ஆறு கட்டு ஷூவில், அதாவது கலைத்த கட்டுகளை வைத்து ஒவ்வொன்றாக எடுக்கும் பெட்டியில், 312 சீட்டு. ஆட்டக்காரர் யோசிக்க ஆரம்பித்தால் ஆட்டத்தையே மாற்றுவார்கள். மாற்றுகிறவர் வியாபாரி, யோசித்தவர் மட்டும் திருடர்.

இப்போது என் கதை. யாரிடமும் சொன்னதில்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள அட்லாண்டிக் சிட்டி. இங்கே கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, 1982இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் வென்றார். சீட்டை எண்ணுகிறார் என்பதற்காக இங்கே ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. நெவாடாவில் முடியும். ஆனால் இங்கேயும் ஷூ முடியும் முன்பே சீட்டைக் கலைத்துவிடலாம், பந்தயத்தின் உச்ச வரம்பைக் குறைக்கலாம்.

பேருந்தில் வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். கோட்டு முழங்கையில் தையல் போட்டிருக்கும். தண்ணீர் மட்டும்தான் குடிப்பார். இருபத்தைந்து டாலர் வைத்து ஆடுவார். ஒருநாள் ஷூவின் நடுவில் நூறு வைத்தார், அடுத்த கைக்கு நூற்றைம்பது. அவர் உதடுகூட அசையவில்லை. பின்னாலிருந்து மேற்பார்வையாளர் என் தோளைத் தொட்டு, "கலைத்துவிடு" என்றார். ஷூவில் பாதிக்கு மேல் சீட்டு மிச்சம். நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குவித்தேன். அவருடைய நூற்றைம்பது டாலர் வட்டத்திலேயே இருந்தது. என் கை சீட்டைக் குழப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பந்தயத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். ஐந்து டாலர் சிப் ஒன்றை டிப்பாக என் பக்கம் தள்ளிவிட்டு, "உன் தப்பு இல்லை" என்று சொல்லி எழுந்து போனார். நான் விதிப்படி கையைத் தட்டி, இரண்டு பக்கமும் கேமராவுக்குத் திருப்பிக் காட்டினேன். கையில் எதுவும் இல்லை என்று காட்டுவதற்கு. அன்று அந்தச் சைகை எனக்கு உறுத்தியது.

அந்த மனிதரை மனதில் வைத்துக்கொண்டுதான் 'நவீன சகுனி' என்ற வார்த்தையைக் கேட்டேன். நான் ஏன் கொதிக்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

"சூதாட்டத்தை நியாயப்படுத்துகிறாய்" என்பார்கள். இல்லை. மாதச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் விட்டுவிட்டுக் கழிவறையில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்த்ததில்லை. என் பிள்ளைகள் ஆட மாட்டார்கள், நானும் ஆட மாட்டேன். "தனியார் இடம், அவர்கள் இஷ்டம்" என்பார்கள். இருக்கட்டும், இஷ்டம் என்றே சொல்லுங்கள், அந்தப் பக்கத்துக்கு வியாபாரம் என்று பெயர் கொடுத்துவிட்டு இந்தப் பக்கத்துக்குத் திருட்டு என்று பெயர் வைக்காதீர்கள். "நீயே அவர்களிடம்தானே சம்பளம் வாங்குகிறாய்" என்பார்கள். ஆமாம். வாடகை அதில்தான் போகிறது. அதற்காக நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

கொள்ளை எங்கே நடக்கிறது என்று காட்டட்டுமா? முதல் இரண்டு சீட்டில் இருபத்தொன்று விழுவது ஏறத்தாழ இருபத்தொரு கைக்கு ஒருமுறை. அதற்கு 3க்கு 2, அதாவது வைத்த ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் மூன்று டாலர் என்று கொடுப்பதுதான் பழைய வழக்கம். பதினைந்து டாலர் வைத்தால் இருபத்திரண்டரை. இந்த இருபது வருஷத்தில் பல மேசைகளில் அதை 6க்கு 5, அதாவது ஐந்து டாலருக்கு ஆறு டாலர் ஆக்கிவிட்டார்கள். அதே பதினைந்துக்குப் பதினெட்டு. கேசினோவின் சாதகம் இதனால் மட்டும் 1.4 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. துணியிலேயே அச்சடித்திருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் போன மாதம் நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். "அக்கா, 6க்கு 5 பெரிய நம்பர்தானே, இந்த மேசைதானே நல்லது?" என்று ஒருவன் தமிழில் கேட்டான். நான் ஆங்கிலத்தில், மேற்பார்வையாளருக்கும் கேட்கும்படி, இரண்டு தொகையையும் சொன்னேன். அவன் விரலில் கணக்குப் போட்டுவிட்டுச் சிப்பை அள்ளிக்கொண்டு எழுந்தான். நாலரை டாலர் வித்தியாசத்தை விரலில் எண்ணிய அந்தப் பையனும் சகுனிதானா?

கடைசியாக அந்த 'சீட்டுப் போடுகிறவர்கள்' என்ற பேச்சு. 1854இல் கலிபோர்னியாவின் நெவாடா சிட்டியில் எலினோர் டுமான்ட் என்ற பெண் தன் சொந்தக் கூடத்தில் இதே ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டாள். தங்கம் தோண்டிய முரட்டு ஆட்கள் அவள் மேசையில் வாயை அடக்கிக்கொண்டு ஆடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வயதானபோது அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மீசைக்கார மேடம்'. 1879இல் கலிபோர்னியாவிலேயே போடி என்ற சுரங்க ஊரில் கையில் காசில்லாமல் செத்தாள். அந்த வீடியோவில் அவள் இல்லை. ஆட்டத்தை அமெரிக்காவில் பேர்பெற வைத்தவர்களில் ஒருத்தி, சீட்டுப் போட்டவள்தானே, எதற்குச் சேர்க்க வேண்டும் என்று விட்டிருப்பார்கள்.

என் அம்மா திண்டுக்கல்லில் பக்கத்து வீடுகளில் நான் 'ஹோட்டலில் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறார். பதினோரு வருஷமாக நானும் திருத்தவில்லை. நேற்று அந்தச் சிரிப்பு முகங்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள், இங்கே தமிழ்ச் சங்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டவர்கள்.

அந்தத் தம்பியிடம் கேட்பது ஒன்றுதான். என்னிடம் மன்னிப்பு வேண்டாம். அந்தச் 'சகுனி'யை எடுத்துவிடுங்கள். எடுக்க மாட்டேன் என்றால், பகடை யாருடையது என்று மட்டும் கீழே எழுதுங்கள்.

எட்டு மணிக்கு எனக்கு ஷிப்ட். உடுப்பில் பை கிடையாது, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் கருத்துகளைக் காலையில் வந்து படிக்கிறேன்.