573 டிகிரியில் பிணைப்பு எதுவும் உடைவதில்லை
"573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் பிணைப்புகள் அறுந்து, அணிக்கோவை (அணுக்களின் ஒழுங்கான அடுக்கு) ஒரே நொடியில் விரிகிறது, ஆறினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது" என்று எழுதியிருக்கிறீர்கள். வெப்பநிலை மட்டும் சரி.

அந்த வெப்பநிலையில் குவார்ட்ஸ் கனிமத்தின் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை. ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அமைந்த நான்முகிகள் முறுக்கு தளர்ந்து சற்றே திரும்புகின்றன, அவ்வளவுதான். படிகத்தின் முக்கோணச் சமச்சீர் அறுகோணமாகிறது. ஆறினால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். ஆனால் எந்தப் பக்கமாக முறுக்கிக்கொள்ளும் என்பது படிகத்தின் பகுதிக்குப் பகுதி மாறலாம். இப்படி எதிரெதிராக முறுக்கிய பகுதிகள் ஒரே படிகத்தில் சேர்ந்திருப்பவைதான் டோஃபினே இரட்டைப்படிகங்கள்.

விரிவும் பெரும்பாலும் திடீரென வருவதில்லை. அறை வெப்பநிலையிலிருந்தே கூடிக்கொண்டே வந்து 573-ஐ நெருங்கும்போது வேகமெடுக்கிறது. அதைத் தாண்டியபின் அநேகமாக நின்றேவிடுகிறது! படிகத்தின் கிடை அச்சுகளில் விரிவு அதிகம், நெடு அச்சில் குறைவு. பாறையில் வெவ்வேறு திசை நோக்கிய குவார்ட்ஸ் மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதால் விரிசல் விழுகிறது. பிணைப்பு அறுந்து கட்டமைப்பே மாறுவது, குவார்ட்ஸ் அதே சேர்மத்தின் இன்னொரு படிக வடிவமான டிரிடிமைட்டாகும்போது, அதுவும் மிக மெதுவாக.