உந்த நீல மைனரைப் பாத்துச் சிரிச்ச ஆக்களுக்கு

மாங்குளத்தடியிலை அந்தப் பழைய நீல மொறிஸ் மைனர் கார் லொறிக்குப் பின்னாலை போய்ச் சொருகின வீடியோவை எல்லாரும் பாத்திட்டியள். நான் திரும்பப் போடேல்லை. அதைக் கட்டி ஓட்டின பெடியனுக்குப் பெரிய காயமில்லை, அது ஆறுதல். என்ரை நெஞ்சிலை நிக்கிறது வீடியோ இல்லை, அதுக்குக் கீழை நீங்கள் எழுதினதுகள்தான். பாதிப்பேர் சிரிச்சிருக்கிறியள். மிச்சப்பேர் புத்தி சொல்லியிருக்கிறியள். "வெறும் கோது ஒண்டை எடுத்து ஆறுதலாக் கட்டினால் அரை விலையிலை முடியும், இவன் அவசரப்பட்டிட்டான்" எண்டு ஒருத்தர் எழுத, நூறு பேருக்கு மேலை அதுக்கு லைக்.

அவன் எடுத்ததும் கோதுதான், உள்ளுக்குச் சாமானில்லாத வெறும் தகட்டு உடம்பு. உதே கதையைத்தான் ரெண்டு வருசத்துக்கு முதல் அவனுக்கும் சொன்னியள். அவன் கேட்டான். கேட்டவனைப் பாத்து இண்டைக்குச் சிரிக்கிறியள்.

நான் சொல்ல வாறது ஒண்டே ஒண்டு. பழைய காரிலை ஆசையிருந்தால் முழுசா இருக்கிற, ஓடுற, பதிவுப் புத்தகம் சரியான காரை வாங்குங்கோ. கோதை வாங்கிக் கட்டாதேங்கோ. வாங்கினாலும் சரி, கட்டினாலும் சரி, முதல் கை வைக்கிறது பிரேக்கிலை. எஞ்சின் கடைசி.

உந்தக் "கட்டுவம்" எண்ட ஆசை எங்கையிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும். போனிலை அமெரிக்கன்காரர் ஹொட் றொட் கட்டுற வீடியோவள், பழைய காரை வேகத்துக்கு மாத்திக் கட்டுறது. அவையள் கட்டுறது பெரும்பாலும் 1932ஆம் ஆண்டு ஃபோர்ட். 221 கன அங்குல வி8, 65 குதிரை வலு. தெற்குக் கலிபோர்னியாவிலை வறண்ட ஏரித் தரையிலை ஓட்டிப் பாக்கத் தொடங்கின பெடியளுக்கு அந்தக் கார் ஏன் வாய்ப்பாப் போச்சு? அதுக்குத் தனிச் செசி, எல்லாத்தையும் தாங்கிற அடிச்சட்டம். பொடியை, அதுதான் மேல்த் தகட்டு உடம்பை, வேறையாக் கழட்டி வைச்சிட்டு, வெறும் செசியிலை எஞ்சினை முன்னுக்குப் பின்னுக்கு நகத்தலாம், பூட்டலாம், வெட்டலாம். இண்டைக்கு அங்கை அந்தக் காருக்குப் புதுப் பொடி தகட்டிலை அடிச்சு விக்கிறாங்கள், புதுச் செசியும் விக்கிறாங்கள். பழைய ஃபோர்ட்டின்ரை ஒரு ஆணிகூட இல்லாமல் ஒரு 1932 ஃபோர்ட் கட்டி முடிக்கலாம். அங்கை கட்டுறது எண்டால் ஓடர் போட்டு எடுத்துப் பூட்டுறது.

மைனர் அப்பிடியில்லை. 1948இலை வந்த நாளிலையிருந்து 1971 மட்டும் அந்தக் காருக்குத் தனிச் செசி இல்லை. தரைத் தகடு, ரெண்டு கதவுக்கும் கீழை ஓடுற பெட்டி, முன்னுக்கு நீட்டி நிக்கிற ரெண்டு கால், இதெல்லாம் சேந்ததுதான் கார். அதிலை கறள் பிடிச்சால் கார் பிடிச்சதுதான். ரெண்டு பக்கக் கதவடிப் பெட்டியையும் ஒரே நேரத்திலை வெட்டினால் பொடி நடுவிலை தொய்யும். தொய்ஞ்ச பிறகு புதுத் தகடு ஒட்டினால், தொய்ஞ்ச வடிவிலையே இறுகி நிக்கும். அந்த நீல மைனரின்ரை படத்தைத் திரும்ப எடுத்துக் கதவைப் பாருங்கோ. மேல்ப்பக்கம் இடைவெளி ஒடுங்கி, கீழ்ப்பக்கம் விரல் போற அளவு திறந்து கிடக்குது. அது பெயின்ற்காரன் விட்ட பிழை இல்லை. வெட்டேக்கை விட்ட பிழை.

சரியான முறை இதுதான். காரை மட்டமான சீமெந்துத் தரையிலை நிப்பாட்டி, கதவு வாசலுக்குள்ளை ஓரங்குலப் பெட்டி இரும்பைக் குறுக்கையும் மூலைக்கும் பிடிச்சு வெல்ட் பண்ண வேணும். பிறகு ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் முடிஞ்சு, கதவைப் பூட்டித் திறந்து பாத்தாப் பிறகுதான் மற்றப் பக்கம். பெட்டிக்கும் ஸ்பிரிங் பிடிக்கிற இடத்துக்கும் 18 கேஜ் தகடு, வெளிப் பொடிக்கு 20 கேஜ். கூரைத் தகரத்தை வெட்டி றிவெற் அடிச்சு மேலை தார் பூசிற வேலையைக் கன இடத்திலை பாத்திருக்கிறன். ரெண்டு மாரி தாங்காது. தார் பூசினபடியால் உள்ளுக்கு உக்கிறது வெளியிலை தெரியாது, அதுதான் அதின்ரை ஆபத்து.

கட்டியே தீருவன் எண்டு நிக்கிறவைக்கு ஒஸ்ரின் ஏ40 கொஞ்சம் பரவாயில்லை. 1947 டெவோனுக்கும் 1952 சொமர்செற்றுக்கும் தனிச் செசி இருக்குது. ஆனால் மைனருக்கு இங்கிலாந்திலை இண்டைக்கும் புதுச் சாமான் செய்து விக்கிறாங்கள். ஏ40க்கு அந்த வசதி குறைவு, கழட்டின சாமானைத் தேடித்தான் அலைய வேணும். அதோடை டெவோனுக்கு முன் பிரேக் மட்டும்தான் ஒயில் அமுக்கத்திலை பிடிக்கிறது, பின் பிரேக் கம்பியிலை இழுக்கிறது. சொமர்செற்றிலைதான் நாலு சில்லுக்கும் ஒயில் வந்தது. இது தெரியாமல் டெவோனை எடுத்துப்போட்டுப் பின்சில்லுக்கு ஒயில் பைப் தேடுற ஆக்கள் இருக்கினம்.

"கோது மலிவுதானே அண்ணை" எண்டு கேப்பியள். கோது மலிவுதான். கோதிலை இல்லாதது என்னெண்டு எண்ணிப் பாத்தனியளோ? கண்ணாடி ஓடுற தண்டவாளம், கதவு றப்பர், கைபிடி, லைற் வளையம், வைப்பர் பெட்டி, ஸ்ரியறிங் றைக், டைனமோ, மைல் மீற்றர் வயர், சீற் சட்டம். ஒவ்வொண்டா எடுத்தால் ஒண்டும் பெரிய விலையில்லை. ஒவ்வொண்டுக்கும் கொழும்பிலை பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒருக்காப் போய் வர வேணும், கிளிநொச்சியிலையிருந்து பஸ் ஏறி. போனால் கிடைக்கிறது மற்ற மொடலின்ரை சாமான். ஓடுற காரிலை இதெல்லாம் அந்தந்த இடத்திலை பூட்டினபடி இருக்கும். அதுக்குத்தான் கூடக் காசு குடுக்கிறது. பெயின்ற், வெல்டிங் காஸ், உரதாள், தையல் எண்டு பிறகு வாறதை நான் சேக்கவேயில்லை.

"வாங்கினால் ஏமாத்துவாங்கள், கறளுக்கு மேலை புட்டிப் பசையைப் பூசி மினுக்கி விப்பாங்கள்." இந்தச் சொல்லிலை நியாயம் இருக்குது. அதிலும் 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு, கண்ட கண்ட தகரமெல்லாம் "கிளாசிக்" எண்ட பேரிலை விலைப்பட்டது. அதுக்காகக் கோதை வாங்கச் சொல்லுறது மருந்தில்லை. பாத்து வாங்கப் பழக்குங்கோ. ஒரு காந்தத்தை மெல்லிய துணியிலை சுத்தி, கதவுக்குக் கீழை, முன் சில்லுக்குப் பின்னாலை, கதவின்ரை அடி நாலங்குலம், இந்த மூண்டு இடத்திலையும் ஒட்டிப் பாருங்கோ. ஒட்டாட்டில் உள்ளுக்குப் புட்டி. கார்ப்பெற்றைத் தூக்கி, பின் ஸ்பிரிங்கின்ரை முன் முனை பிடிக்கிற இடத்தை ஸ்குறூ ட்றைவராலை அழுத்திப் பாருங்கோ. பக்கவாட்டிலை ஜக் போட்டுத் தூக்கினபடி கதவைத் திறந்து பூட்டுங்கோ. இறுகினால் காரின்ரை முதுகெலும்பு போட்டுது, பேசாமல் வந்திடுங்கோ. முன் சில்லைத் தூக்கி மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டுங்கோ. கீழ்ப் பக்கத்திலை ஒரு மரையுள்ள மூட்டு இருக்குது, ட்றனியன் எண்டு சொல்லுறது. மரை தேஞ்சால் ஒருநாள் ஓடேக்கையே கழண்டு, சில்லு மட்காட்டுக்குக் கீழை மடிஞ்சு விழும். தூக்கி வைச்சு, பாரமில்லாத நேரத்திலைதான் அதுக்குக் கிறீஸ் அடிக்க வேணும். எங்கடை தூசிக்கு 1500 கிலோமீற்றருக்கு ஒருக்கா அடியுங்கோ.

பிரேக் பெடலை மிதிச்சு ஒரு நிமிசம் அப்பிடியே வைச்சிருங்கோ. மெல்ல மெல்லக் கீழை போனால், மிதிக்கிற அமுக்கத்தை ஒயிலாலை சில்லுக்கு அனுப்புற மாஸ்ரர் சிலிண்டர் சரியில்லை. மைனரிலை அது சாரதியின்ரை காலுக்குக் கீழை, தரைக்குள்ளை ஒளிஞ்சிருக்குது. கண்ணிலை படாதது கவனிப்பிலையும் படாது. பிரேக் ஒயில் தண்ணியை உறிஞ்சும், சிலிண்டர் உள்ளாலை கறள் பிடிக்கும், கறள் வோசரை அறுக்கும். நாலு சில்லுக்கும் ஒரே ஒரு வழி. ஒரு இடத்திலை ஒழுகினால் நாலும் இல்லை.

இனி அந்த நீல மைனர். எஞ்சின் நிசான் ஏ12 எண்டு அவனே எழுதியிருந்தவன். 948 சிசி மைனரின்ரை சொந்த எஞ்சின் 37 குதிரை வலு. இது கிட்டத்தட்ட 68. எஞ்சின் மவுண்ட் வெட்டி ஒட்டி, புறொப்பெலர் சாவ்ற் கட்டையாக்கி, பற்றரி ஏர்த் மாத்தி எல்லாம் வடிவாச் செய்திருக்கிறான். கைவேலை நல்ல வேலை. ஆனால் சில்லுக்குள்ளை இருந்தது பழைய 7 அங்குல பிரேக் ட்றம்தான். 60இலை ஓடின கார் 90இலை ஓடினால், நிப்பாட்டுறதுக்கு வேண்டிய சக்தி ஒண்டரை மடங்கு இல்லை, ரெண்டேகால் மடங்கு. மொறிஸ்காரனே 1962இலை எஞ்சினை 1098 சிசி ஆக்கேக்கை முன் ட்றம்மை 8 அங்குலமாக்கினவன். அதுவும் 48 குதிரைக்கு. 68 குதிரையைப் பூட்டுறவன் முன்னுக்கு டிஸ்க் பிரேக் போட வேணும், மாஸ்ரர் சிலிண்டரை ரெண்டு வழியுள்ளதா மாத்த வேணும், அதுக்குப் பிறகுதான் எஞ்சினைத் தொட வேணும். முன் ட்றம்மிலை ஒரு சில்லுக்கு ரெண்டு அட்ஜஸ்ரர் இருக்குது. கன பேர் ஒண்டை மட்டும் திருப்பிப்போட்டுப் பிரேக் பிடிக்கேல்லை எண்டு சொல்லுறவை. ரெண்டையும் சில்லு இறுகுமட்டும் திருப்பி, ஒரு பல்லுப் பின்னுக்கு விடவேணும்.

இதை அந்தப் பெடியனுக்கு ஆர் சொன்னது? ரெண்டு வருசமா அவன் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் "எஞ்சின் எப்ப ஸ்ராட் பண்ணுவாய்" எண்டுதான் கேட்டியள். பிரேக்கைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. அது எனக்கு இப்பவும் குத்துது.

"கட்டினால்தான் வேலை பழகலாம்" எண்டும் ஒருத்தர் எழுதியிருந்தவர். ஓடுற காரிலை ஒவ்வொண்டாக் கழட்டிப் பூட்டியும் பழகலாம். அதுக்கு மேலை இதிலை கதைக்க ஒண்டுமில்லை.

"மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின சனம் நாங்கள், எங்களுக்கு எஞ்சின் படிப்பிக்கிறியளோ" எண்டு கோவிச்சவருக்கு மட்டும் ஆறுதலாப் பதில் சொல்லுறன், ஏனெண்டால் அந்தப் பெருமை எனக்கும் இருக்குது. 90களிலை வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள்ளை பெற்றோல் மருந்து மாதிரிக் கிடைச்ச காலம். சின்னப் போத்தில் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, காயக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்காரரையும் ஏத்தி ஓடினது உந்த ஏ40களும் மைனர்களும்தான். அமுக்கம் குறைஞ்ச எஞ்சின் எண்டபடியால் தாக்குப்பிடிச்சுது. ஆனால் அதின்ரை காயம் உள்ளுக்குக் கிடக்குது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலை இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழை இறங்கும். றிங் தேயும், ஒயில் தண்ணியாகி பெயறிங் அடிவாங்கும், வால்வு கரி பிடிச்சுக் கருகும். அந்தக் காலத்துக் காரை வாங்கினால் எஞ்சினைத் திறந்து அளந்து பாக்காமல் நம்பாதேங்கோ. கிணத்துத் தண்ணியை றேடியேற்றருக்கு விட்ட பழக்கமும் அந்தக் காலத்தது. எங்கடை தண்ணியின்ரை சவர் உள்ளுக்குப் படிஞ்சு அடைச்சிருக்கும்.

அந்தக் கார்களெல்லாம் இப்ப எங்கை? புதுக்குடியிருப்பிலையிருந்து முள்ளிவாய்க்கால் மட்டும் எரிஞ்சும் எரியாமலும் நிண்ட வாகனங்களை எல்லாரும் கண்டனாங்கள். பிறகு வெட்டிக் கிலோக் கணக்கிலை இரும்புக்குப் போச்சுது. தப்பி நிக்கிற ஒண்டிரண்டுக்கும் புத்தகம் இல்லை. புத்தகம் இருந்தால் அதிலை பேருள்ள ஆள் இல்லை. எங்கை எண்டு வீட்டுக்காரருக்கே தெரியாது. அப்பிடியான வீட்டு அம்மாவிட்டைப் போய் "ஓப்பன் பேப்பரிலை தாங்கோ", பேர் மாத்தாமல் தாங்கோ எண்டு கேக்கிறவையும் இருக்கினம். கேக்காதேங்கோ. அந்தப் பேர் அந்தப் புத்தகத்திலை இருக்கிறதே அவவுக்கு ஒரு பிடி. உங்களுக்கும் அது கையிலை வெறும் கடதாசி. செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடை ஒத்து, பேருள்ள ஆளே வந்து மாத்தித் தாற காரைத்தான் வாங்க வேணும். எஞ்சின் மாத்தினால் அதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலை பதிய வேணும். இல்லாட்டில் விபத்து நேரம் இன்சூரன்ஸ்காரன் முதல் பாக்கிறது அதைத்தான்.

இரும்புக்காரன் உன்ரை வீட்டு வாசலுக்கு ரெண்டு தரம் வந்திட்டான் எண்டு கேள்விப்பட்டன், நீல மைனர்த் தம்பி. குடுக்காதை. முன்பக்கம்தான் நசிஞ்சிருக்குது. பின் ஸ்பிரிங், டிபறன்சியல், நாலு கண்ணாடி, ஸ்ரியறிங் றைக் எல்லாம் முழுசு. முன் கால் ரெண்டும் வளைஞ்சிருக்கோ எண்டு முதல் அள. பின் ஸ்பிரிங் பட்டையின்ரை முன் ஆணியிலையிருந்து எதிர்ப்பக்க முன் சில்லு மூட்டு மட்டும் மூலைக்கு மூலை நூல் பிடி, ரெண்டு பக்கமும். ரெண்டு அளவுக்கும் வித்தியாசம் கால் அங்குலத்துக்குள்ளை நிண்டால் கார் திரும்பவும் ஓடும். கூட நிண்டால் சாமானைக் கழட்டி வை. எஞ்சினை இறக்கிச் சாக்காலை மூடி மூலையிலை விடு. இப்போதைக்கு அதைத் தொடாதை.